ஏன் மறுபடியும் சேத்ரி? இந்தியக் கால்பந்துப் பயிற்சியாளரின் முடிவுகளும் ரசிகர்களின் கோபமும்

2024 மார்ச் 26, குவாஹாத்தி. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்தியாவும் ஆப்கானிஸ்தானும் மோதுகின்றன. இந்திய அணித் தலைவர் சுனில் சேத்ரிக்கு அது 150ஆவது சர்வதேச ஆட்டம். 38ஆவது நிமிடத்தில் இந்தியாவுக்கு பெனால்டி கிடைக்கிறது. சேத்ரியே அடிக்கிறார், கோல். 70ஆவது நிமிடத்தில் ரஹ்மத் அக்பரி சமன் செய்கிறார். 88ஆவது நிமிடத்தில் ஆப்கானிஸ்தானுக்கு ஒரு பெனால்டி. ஷரிஃப் முகம்மது உள்ளே தள்ளுகிறார். ஃபிஃபா தரவரிசையில் 117ஆம் இடத்தில் இருந்த இந்தியா, 158ஆம் இடத்தில் இருந்த அணியிடம் சொந்த மண்ணில் 1-2 என்று தோற்றது.

அன்றிலிருந்து 2025 நவம்பர் வரைக்குள் இந்திய அணி மூன்று பயிற்சியாளர்களைப் பார்த்துவிட்டது. இகோர் ஸ்டிமாக் நீக்கப்பட்டார், மனோலோ மார்க்வெஸ் வந்து போனார், காலித் ஜமீல் பொறுப்பேற்றார். ரசிகர்கள் கேட்ட கேள்விகள் மட்டும் அப்படியே இருந்தன. 2024இல் ஓய்வு பெற்ற, நாற்பது வயதான சேத்ரியை ஏன் மறுபடியும் முன்னால் நிறுத்துகிறார்கள்? இளைஞர்களை ஏன் நம்புவதில்லை? முன்னிலை எடுத்த பிறகு ஏன் பின்வாங்குகிறார்கள்? இவற்றில் சில கேள்விகள் பயிற்சியாளரிடம் கேட்க வேண்டியவை. சிலவற்றுக்கு அவரிடம் பதிலே இருக்க முடியாது. எது எது என்று பிரித்துப் பார்க்க, அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

முதலில் கணக்கு

தகுதிச் சுற்று என்பது பெரிய போட்டிக்குள் நுழைவதற்கான வாசல். 2026 உலகக் கோப்பையில் அணிகளின் எண்ணிக்கை 48 ஆக உயர்ந்ததால் ஆசியாவுக்கு 8 நேரடி இடங்கள் கிடைத்தன. ஆசியத் தகுதிச் சுற்றின் இரண்டாம் கட்டத்தில் 36 அணிகள், பிரிவுக்கு நான்காக 9 பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு இடங்களைப் பிடிக்கும் அணிகளுக்கு இரட்டைப் பலன் இருந்தது.

1. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் மூன்றாம் கட்டத்துக்குப் போகலாம். இந்தியா இதுவரை அந்தப் படியை ஏறியதே இல்லை.
2. சவூதி அரேபியாவில் நடக்கும் 2027 ஆசியக் கோப்பையில் நேரடி இடம் கிடைத்துவிடும்.

மூன்றாவது, நான்காவது இடத்தில் முடிப்பவர்கள் ஆசியக் கோப்பைக்காகத் தனியாக இன்னொரு தகுதிச் சுற்று ஆட வேண்டும். அதில் 24 அணிகள், 6 பிரிவுகள். பிரிவில் முதலிடம் பிடிப்பவருக்கு மட்டுமே இடம். முதல் வாசலில் நான்கு பேரில் இரண்டு பேர் நுழையலாம். அதைத் தவறவிட்டால் அடுத்த வாசலில் நான்கு பேரில் ஒருவர்தான். எதிரணிகள் கொஞ்சம் எளிதாகத் தெரிந்தாலும், ஒரு ஆட்டம் சறுக்கினாலே கதை முடிந்துவிடக்கூடிய வாசல் அது.

இந்தியாவின் பிரிவில் கத்தார், குவைத், ஆப்கானிஸ்தான். 2023 நவம்பரில் குவைத்துக்கே போய் மன்வீர் சிங் கோலில் 1-0 என்று ஜெயித்தது நல்ல தொடக்கம். ஐந்து நாள் கழித்து புவனேஸ்வரில் கத்தாரிடம் 0-3. 2024 மார்ச்சில் ஆப்கானிஸ்தானுடன் சவூதியின் அப்ஹாவில் 0-0, அப்புறம் குவாஹாத்தியில் அந்த 1-2. ஜூன் 6 அன்று கொல்கத்தாவில், சேத்ரி விடைபெற்ற ஆட்டத்தில், குவைத்துடன் 0-0. ஜூன் 11 அன்று தோஹாவில் கத்தாரிடம் 1-2.

முடிவில் கத்தார் 16 புள்ளிகள், குவைத் 7, இந்தியா 5, ஆப்கானிஸ்தான் 5. கோல் வித்தியாசத்தில் இந்தியா மூன்றாவது. குவாஹாத்தியில் 70ஆவது நிமிடம் வரை இருந்த 1-0 அப்படியே நின்றிருந்தால் இந்தியாவுக்கு 8 புள்ளிகள். குவைத்துக்கு 7. மற்ற ஆட்டங்கள் எல்லாம் அதே மாதிரி நடந்திருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாதுதான். ஆனாலும் கணக்குப்படி, இந்தியா உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் மூன்றாம் கட்டத்தையும் ஆசியக் கோப்பை இடத்தையும் அந்த இருபது நிமிடங்களில் இழந்தது.

தோஹாவிலும் அதே கதை. சாங்தே 37ஆவது நிமிடத்தில் அடித்த கோலால் இந்தியா முன்னிலையில் இருந்தது. ஜெயித்தால் இரண்டாம் இடம். 73ஆவது நிமிடத்தில் பந்து கோல் கோட்டைத் தாண்டி வெளியே போனது. கத்தார் வீரர் அதை உள்ளே இழுக்க, யூசுஃப் அய்மன் அடித்தார், நடுவர் கோல் கொடுத்தார். அந்தக் கட்டத்தில் வி.ஏ.ஆர். என்னும் வீடியோ உதவி கிடையாது. 85ஆவது நிமிடத்தில் இன்னொரு கோல். நடுவரின் அந்தத் தவறு மன்னிக்க முடியாதது. ரசிகர்களின் ஆத்திரம் நூறு சதவீதம் நியாயம். ஆனால் ஆறு ஆட்டங்களில் மொத்தம் மூன்றே கோல் அடித்த அணி, அதிலும் ஒன்று பெனால்டி, இப்படி ஒரே ஒரு விசிலை நம்பி நிற்கும் நிலைக்குத்தான் வந்து சேரும்.

பயிற்சியாளர் கையில் என்ன இருக்கிறது?

கிளப் பயிற்சியாளர் தன் வீரர்களை அநேகமாகத் தினமும் பார்க்கிறார். தேசியப் பயிற்சியாளருக்கு அந்த வசதி கிடையாது. அவருக்குக் கிடைப்பது ஃபிஃபா விண்டோ, அதாவது கிளப்புகள் வீரர்களைக் கட்டாயம் விடுவித்தாக வேண்டிய நாட்கள். வழக்கமாகத் திங்கட்கிழமை தொடங்கி அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை முடியும், அதற்குள் இரண்டு ஆட்டம். வீரர் ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்காக ஆடிவிட்டு, திங்கட்கிழமை விமானத்தில் வந்து, வியாழக்கிழமை நாட்டுக்காக ஆட வேண்டும். நடுவில் உருப்படியான பயிற்சி இரண்டு அல்லது மூன்று முறைதான்.

அந்த மூன்று நாளில் என்ன சொல்லிக்கொடுக்க முடியும்? தற்காப்பைச் சொல்லிக்கொடுக்கலாம். நான்கு பேர் ஒரே கோட்டில் எப்படி நிற்பது, பந்து பக்கவாட்டுக்குப் போனால் யார் நகர்வது, கார்னரில் யார் யாரைப் பிடிப்பது என்பதெல்லாம் கரும்பலகையில் வரைந்து காட்டி இரண்டு நாளில் பழக்கிவிடக் கூடியவை. கோல் அடிப்பதைப் பழக்க அவ்வளவு போதாது. விங்கர், அதாவது மைதானத்தின் ஓரத்தில் ஆடும் தாக்குதல் வீரர், கோட்டோரம் வரை ஓடிப் பந்தைப் பின்னால் திருப்பித் தருகிறார் என்று வையுங்கள். முன்கள வீரர் அரை நொடி முன்னால் ஓடினால் பந்து முதுகுக்குப் பின்னால் போய்விடும். அரை நொடி தாமதித்தால் தடுப்பாளர் கால் முந்திவிடும். அந்த அரை நொடியை இருவரும் மாதக்கணக்கில் சேர்ந்து ஆடித்தான் கண்டுபிடிக்கிறார்கள். தேசிய அணிகள் பல உலகெங்கும் கோல் அடிக்கத் திணறுவதற்கும், கொடுக்காமல் தாக்குப்பிடிப்பதில் கெட்டியாக இருப்பதற்கும் இது பெரிய காரணம்.

ஆகவே பயிற்சியாளரின் பொறுப்பை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. முழுக்க அவர் முடிவு: அணிக்கு யாரை அழைப்பது, முதல் பதினொரு பேர் யார், எந்த அமைப்பில் ஆடுவது, எப்போது யாரை மாற்றுவது. இதற்கு அவரே பொறுப்பு, சாக்குப்போக்கு கிடையாது.
2. கேட்டுப் பெற வேண்டியது: விண்டோவுக்கு வெளியே கூடுதல் முகாம் நாட்கள், நட்பு ஆட்டங்கள், சொந்த ஆட்டத்தை எந்த ஊரில் நடத்துவது. இதில் அகில இந்திய கால்பந்து சம்மேளனமும் கிளப்புகளும் சேர்ந்தே பொறுப்பு.
3. அவர் கைக்கே வராதது: லீக் எப்போது நடக்கும், ஒரு வீரர் தன் கிளப்பில் எந்த இடத்தில் ஆடுகிறார், யாருக்கு இந்தியக் குடியுரிமை உண்டு.

ரசிகர்களின் கோபம் பெரும்பாலும் முதல் வகையில் போய் விழுகிறது. அங்கேதான் கேமரா இருக்கிறது, அது இயல்பு.

நம்பர் 9 எங்கே போனார்?

கால்பந்தில் நம்பர் 9 என்றால் நடு முன்களத்தில் நின்று கோல் அடிப்பதையே வேலையாகக் கொண்டவர். சட்டை எண் எதுவாக இருந்தாலும் பெயர் அதுதான். சேத்ரியின் சட்டை எண் 11, அவர் இருபது ஆண்டு பார்த்தது நம்பர் 9 வேலை.

இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐ.எஸ்.எல்.) ஒரு அணி ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டு வீரர்களை மைதானத்தில் இறக்கலாம். அந்த நான்கு இடங்களை எந்தப் பயிற்சியாளரும் அணியின் முதுகெலும்புக்குத்தான் செலவழிப்பார்: நடுத் தற்காப்பு, நடுக்களம், அப்புறம் முக்கியமாக முன்களம். கோல் அடிப்பவர்தான் சந்தையில் விலை அதிகம் உள்ளவர், ஆட்டத்தை ஜெயித்துக் கொடுப்பவரும் அவரே. எனவே இந்திய வீரர்கள் ஓரங்களுக்குத் தள்ளப்படுகிறார்கள். சாங்தே, லிஸ்டன் கொலாசோ என்று நல்ல விங்கர்கள் இந்தியாவுக்குக் கிடைத்திருப்பது அதனால்தான். தேசிய அணியில் நடு முன்களத்தில் நிற்கச் சொல்லப்படும் மன்வீர் சிங்கே மோகன் பகானில் வலது ஓரத்தில் ஆடிப் பழகியவர்.

2014இல் லீக் தொடங்கியதிலிருந்து 2024-25 வரை 11 சீசன்கள். ஒவ்வொரு சீசனிலும் அதிக கோல் அடித்தவருக்குத் தங்கக் காலணி தருகிறார்கள். ஒருமுறைகூட இந்தியர் அதை வாங்கியதில்லை. 2014இல் எலானோ, 2015இல் மெண்டோசா, 2019-20இல் வால்ஸ்கிஸ் என்று மூன்று முறை அது சென்னையின் எஃப்.சி. வீரர்களுக்குக் கிடைத்தது, ஒருவர் பிரேசிலியர், ஒருவர் கொலம்பியர், இன்னொருவர் லிதுவேனியர். நேரு ஸ்டேடியத்தில் அவர்களுக்காகக் கை தட்டிய நமக்கு, அதே இடத்தில் ஒரு இந்தியர் வளரவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

வெளிநாட்டு வீரர்களைக் குறைத்தால் சரியாகிவிடுமா என்றால் அவ்வளவு எளிதல்ல. லீக்கின் தரம் விழும், விங்கர்களும் தற்காப்பாளர்களும் பலமான எதிரிகளோடு மோதிப் பழகும் வாய்ப்பை இழப்பார்கள். ஆனால் இந்தச் சிக்கலைத் தெரிந்துகொள்ளாமல் ‘இளைஞர்களை ஏன் இறக்கவில்லை’ என்று கேட்பதில் அர்த்தமில்லை. வாரா வாரம் கிளப்பில் அந்த இடத்தில் ஆடும் இளைஞர் இருந்தால்தானே இறக்குவது?

ஸ்டிமாக்: ஐந்து ஆண்டுகள்

சரி, அப்படியானால் பயிற்சியாளர்கள் மேல் தப்பே இல்லையா? இருக்கிறது. மூன்று பேரில் ஸ்டிமாக் மேல்தான் அதிகம் என்பது என் கருத்து.

1998 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்த குரோஷிய அணியில் ஆடிய அவர், 2019 மே மாதம் இந்தியாவுக்குப் பயிற்சியாளராக வந்தார். ஒரு தேசிய அணிக்கு ஐந்து ஆண்டு என்பது நீண்ட காலம். அவர் காலத்தில் நல்லவையும் நடந்தன. 2019 செப்டம்பரில் ஆசிய சாம்பியன் கத்தாரை அவர்கள் ஊரிலேயே 0-0 என்று தடுத்து நிறுத்தியது சாதாரண விஷயமில்லை. உடல்நலம் சரியில்லாமல் சேத்ரி அன்று ஆடவே இல்லை; கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து ஒற்றை ஆளாகத் தாங்கினார். 2022 ஜூனில் கொல்கத்தாவில் மூன்று ஆட்டங்களையும் ஜெயித்து ஆசியக் கோப்பைக்கு அணி தகுதி பெற்றது. 2023இல் தெற்காசியக் கோப்பையும் கிடைத்தது, தரவரிசையில் 99 வரை ஏறியது.

2023இல் வெற்றி மேல் வெற்றி வந்தபோதும் முன்களத்தின் நடுவில் சேத்ரிதான். மன்வீர், இஷான் பண்டிதா, ரஹீம் அலி என்று சிலரை ஸ்டிமாக் முயன்று பார்த்தார், ஆனால் தொடர்ச்சியாக யாருக்கும் அந்த இடம் கிடைக்கவில்லை. தெற்காசிய அணிகளோடு ஆடிய ஆட்டங்கள் அந்தச் சோதனைக்கு மிகச் சரியான இடம். தோற்றாலும் பெரிய இழப்பில்லை. அந்த நாட்களை வெற்றிக்காகச் செலவழித்துவிட்டு, 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பைக்கு 39 வயது சேத்ரியை நம்பியே போனார். ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1. ஒரு கோல்கூட இல்லை. அதற்கு முந்தைய கத்தார் ஆட்டத்தையும் பிந்தைய அப்ஹா ஆட்டத்தையும் சேர்த்தால் தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் கோல் இல்லை. ஆறாவது ஆட்டத்தில் வந்த கோலும் சேத்ரியின் பெனால்டி.

முகாம் நாட்கள் போதவில்லை என்பது ஸ்டிமாக் அடிக்கடி வைத்த வாதம். ஆசியக் கோப்பைக்கு முன் அவர் கேட்ட நாட்கள் கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் 2024 ஜூன் ஆட்டங்களுக்கு மே மாதத்திலேயே புவனேஸ்வரில் நீண்ட முகாம் நடந்தது. அதற்குப் பிறகும் குவைத்துடன் சொந்த மண்ணில் கோலே இல்லை. அந்த இடத்தில் அவர் வாதம் நிற்கவில்லை.

குவாஹாத்தி இரவைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அந்தச் சமயத்தில் ஆப்கானிஸ்தானின் முக்கிய வீரர்கள் பலர் தங்கள் சம்மேளனத்தோடு சண்டையிட்டு அணியைப் புறக்கணித்திருந்தார்கள். அவர்களுக்குப் பயிற்சியாளராக இருந்தவர் ஆஷ்லி வெஸ்ட்வுட், பெங்களூரு எஃப்.சி.க்கு இரண்டு முறை, அப்போது நாட்டின் முதல்நிலை லீக்காக இருந்த ஐ-லீக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர், சேத்ரியைக் கிளப்பில் வைத்துப் பயிற்சி தந்தவர். இந்திய அணி எங்கிருந்து கோல் அடிக்கும், எங்கிருந்து அடிக்காது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தியப் பக்கம் தற்காப்பாளர் சந்தேஷ் ஜிங்கன் காயத்தால் இல்லை. எல்லாம் சேர்ந்தாலும், 1-0 என்று முன்னால் இருக்கும் அணி கடைசி இருபது நிமிடத்தில் பந்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளத் தெரியாமல் தவித்ததற்குப் பயிற்சியாளர்தான் பதில் சொல்ல வேண்டும். மூன்றாம் கட்டத்துக்குப் போகாவிட்டால் விலகுவேன் என்று அவரே சொல்லியிருந்தார். 2024 ஜூன் 17 அன்று சம்மேளனம் அவரை நீக்கியது.

மனோலோ: இரண்டு வேலை, எட்டு ஆட்டம்

அடுத்து வந்தவர் ஸ்பெயின்காரர் மனோலோ மார்க்வெஸ். ஹைதராபாத் எஃப்.சி.யை 2021-22இல் ஐ.எஸ்.எல். சாம்பியனாக்கியவர். நியமிக்கப்பட்டபோது எஃப்.சி. கோவாவுக்கும் அவர்தான் பயிற்சியாளர், ஒரு சீசன் முழுக்க இரண்டு வேலையையும் சேர்த்தே பார்த்தார். இந்த ஏற்பாடு சம்மேளனத்தின் முடிவு. நாட்டின் அணி ஒருவருக்குப் பகுதிநேர வேலையாக இருக்க முடியாது. அப்போதே பலர் எதிர்த்தார்கள், அவர்கள் சொன்னது சரி.

எட்டு ஆட்டங்களில் ஒரே வெற்றி, 2025 மார்ச் 19 அன்று ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக 3-0. அந்த ஆட்டத்துக்காகத்தான் ஓய்வு பெற்றிருந்த சேத்ரியை மனோலோ திரும்ப அழைத்தார். ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பின்னோக்கிப் போகிறோம் என்றது ஒரு தரப்பு, வேறு யார் இருக்கிறார் என்றது இன்னொன்று.

அந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த ஐ.எஸ்.எல். சீசனில் சேத்ரி 14 கோல் அடித்து முடித்தார். இந்தியர்களில் அவருக்குப் பக்கத்தில்கூட யாரும் வரவில்லை. நாற்பது வயதில் அவர் முதலிடம் என்பது அவருக்குப் பெருமை, மற்றவர்களைப் பற்றி வேறொன்றைச் சொல்கிறது. பங்களாதேஷ், ஹாங்காங், சிங்கப்பூர் இருந்த ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றுப் பிரிவில் முதலிடம் மட்டுமே பலன் தரும் என்ற நிலையில், ஆறு நாளில் பங்களாதேஷை ஜெயித்தாக வேண்டிய பயிற்சியாளர், அதிக கோல் அடிக்கும் ஆளைத்தான் அழைப்பார்.

ஆனால் மார்ச் 25 அன்று பங்களாதேஷுடன் 0-0. ஜூன் 10 அன்று ஹாங்காங்கில் மனோலோ சேத்ரியை முதல் பதினொன்றில் வைக்காமல் இரண்டாம் பாதியில் இறக்கினார். ஆட்டம் 0-0 என்று முடியப்போகும் நேரத்தில், கூடுதல் நேரத்தின் 4ஆவது நிமிடத்தில், பெனால்டியில் ஹாங்காங் ஜெயித்தது. எதிரணியின் பெஞ்சில் அதே ஆஷ்லி வெஸ்ட்வுட். மார்ச்சில் சேத்ரியை ஏன் அழைத்தீர்கள் என்று கோபப்பட்டவர்களில் சிலரே ஜூனில் ஏன் முதலிலிருந்தே ஆட வைக்கவில்லை என்று கோபப்பட்டார்கள். இரண்டு கேள்விக்கும் அடியில் இருந்த பயம் ஒன்றுதான்: இவர் இல்லாவிட்டால் யார் கோல் அடிப்பார்கள்? ஜூலையில் மனோலோ விலகினார்.

காலித் ஜமீல்: லீக் இல்லாத நாட்டின் அணி

2025 ஆகஸ்ட் 1 அன்று காலித் ஜமீல் நியமிக்கப்பட்டார். 2016-17இல் சின்னஞ்சிறு ஐஸ்வால் எஃப்.சி.யை ஐ-லீக் சாம்பியனாக்கியவர். 13 ஆண்டுக்குப் பிறகு தேசிய அணிக்கு ஒரு இந்தியர். முதல் வேலையாகத் தஜிகிஸ்தானில் நடந்த மத்திய ஆசியக் கோப்பைக்குப் போனார். அது ஃபிஃபா விண்டோவுக்கு முன்பே தொடங்கியதால் மோகன் பகான் தன் வீரர்களை விடவில்லை. சேத்ரியும் இல்லை. இருந்தும் தஜிகிஸ்தானை ஜெயித்து, ஓமனைப் பெனால்டி ஷூட்டவுட்டில் வீழ்த்தி மூன்றாம் இடம் வந்தார்கள்.

அப்புறம் அக்டோபர். சிங்கப்பூரோடு ஐந்து நாளில் இரண்டு ஆட்டம். இங்கேதான் முன்பு சொன்ன மூன்றாவது வகைச் சிக்கல், அதாவது பயிற்சியாளர் கைக்கே வராதது, முழு பலத்தோடு தாக்கியது. சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்திவந்த நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடியவிருந்தது. புதுப்பிக்கும் பேச்சு முடியாததால் 2025-26 ஐ.எஸ்.எல். ஜூலையிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. கடைசி லீக் இறுதி ஆட்டம் ஏப்ரல் 12 அன்று நடந்தது. அதன் பிறகு சூப்பர் கோப்பை மே தொடக்கத்தோடு முடிந்தது, சில கிளப்புகள் டூரண்ட் கோப்பையில் ஆடின. மற்றபடி பெரும்பாலான கிளப்புகளுக்கு ஆட்டமே இல்லை. சிங்கப்பூர் வீரர்கள் லீக் ஆடிக்கொண்டிருக்க, நம்மவர்களில் பலர் பயிற்சி முகாமிலிருந்து நேராகத் தகுதிச் சுற்றுக்கு வந்தார்கள்.

அக்டோபர் 9, சிங்கப்பூர். முதல் பாதி முடியும் தறுவாயில் இக்சான் ஃபாண்டி கோல். 47ஆவது நிமிடத்தில் ஜிங்கன் சிவப்பு அட்டையோடு வெளியேறினார். பத்து பேரோடு ஆடிய இந்தியாவுக்கு 90ஆவது நிமிடத்தில் மாற்று வீரர் ரஹீம் அலி சமன் செய்து கொடுத்தார். சென்னையின் எஃப்.சி.யில் பல ஆண்டுகள் ஆடியவர் அவர். காலித் எடுத்த மாற்று முடிவு பலித்தது, அதற்கு அவருக்குப் பாராட்டு உரியது.

அக்டோபர் 14, கோவாவின் மட்காவ். 14ஆவது நிமிடத்தில் சாங்தே அடித்த கோலால் முன்னிலை. மறுபடியும் அந்த 1-0. சோங் உய்-யோங் 44ஆவது நிமிடத்திலும் 58ஆவது நிமிடத்திலும் அடித்தார். 1-2. ஆசியக் கோப்பைக் கனவு அங்கேயே முடிந்தது. காலித்தின் மேல் விழுந்த முதல் பெரிய விமர்சனம் மறுபடியும் சேத்ரியை அழைத்தது பற்றித்தான். 41 வயது, லீக் இல்லாததால் பல மாதமாகப் போட்டி ஆட்டமும் அவருக்குக் குறைவு. மார்ச்சில் மனோலோவுக்கு இருந்த நியாயம் அக்டோபரில் காலித்துக்கு அவ்வளவாக இல்லை. தஜிகிஸ்தானில் சேத்ரி இல்லாமல் ஒரு அணியைக் கட்டத் தொடங்கியவர் அதையே தொடர்ந்திருக்கலாம். ஆனாலும் இரண்டரை மாதம் முன்பு வேலைக்கு வந்தவரையும், ஐந்து ஆண்டு கையில் வைத்திருந்தவரையும் ஒரே தராசில் நிறுப்பது தப்பு.

கோல் அடித்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

இந்தியாவைக் கவிழ்த்த கோல்களை அடித்தவர்களைக் கொஞ்சம் பாருங்கள். குவாஹாத்தியில் ரஹ்மத் அக்பரி: ஆஸ்திரேலியாவில் வளர்ந்து ப்ரிஸ்பேன் ரோர் அணிக்கு ஆடியவர். ஷரிஃப் முகம்மது: ரஷ்யாவில் வளர்ந்தவர். ஹாங்காங்கில் பெனால்டி அடித்த ஸ்டெஃபன் பெரெய்ரா: பிரேசிலில் பிறந்தவர். மட்காவில் இரண்டு கோல் அடித்த சோங்: தென் கொரியாவில் பிறந்து சிங்கப்பூர் குடியுரிமை பெற்றவர். ஷில்லாங்கில் பங்களாதேஷுக்காக முதல்முறை ஆடியவர் இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்த, லெஸ்டர் சிட்டிக்கு ஆடிய ஹம்ஸா சௌத்ரி.

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வெளிநாட்டு இந்தியக் குடிமகன் என்ற அட்டை வைத்திருந்தாலும் தேசிய அணிக்கு ஆட முடியாது. இந்தியக் கடவுச்சீட்டு வேண்டும். அதற்கு மற்ற நாட்டுக் குடியுரிமையைத் துறக்க வேண்டும். ஐரோப்பாவிலோ ஆஸ்திரேலியாவிலோ ஆடும் இளைஞர் அதைச் செய்தால், அங்கே அவர் வெளிநாட்டவர் ஆகிவிடுவார்; பிழைப்பே பாதிக்கப்படும். அதனால்தான் இந்தியப் பயிற்சியாளரின் பட்டியலில் அப்படிப்பட்ட பெயர்கள் இருப்பதில்லை. ஸ்டிமாக் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார், அதில் அவர் சொன்னது சரி.

அண்மையில் ஒருவர் துணிந்தார். பெர்த்தில் பிறந்து, மும்பையில் பிறந்த தாய்க்கு மகனான ரையன் வில்லியம்ஸ், 2023இல் பெங்களூரு எஃப்.சி.க்கு ஆட வந்தவர். ஆஸ்திரேலியாவுக்காக ஒரு நட்பு ஆட்டம் ஆடியிருக்கிறார். 2025 நவம்பரில் ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டுவிட்டு இந்தியக் கடவுச்சீட்டு வாங்கினார். காலித் அவரை உடனே முகாமுக்கு அழைத்தார். சேத்ரி அந்த அணியில் இல்லை. ஒரு நாட்டுக்கு ஆடியவர் இன்னொரு நாட்டுக்கு ஆட ஃபிஃபாவின் அனுமதியும் பழைய சம்மேளனத்தின் காகிதமும் வேண்டும்.

நவம்பர் 18 அன்று டாக்காவில் 11ஆவது நிமிடத்தில் ஷேக் மோர்சலின் அடித்த கோலில் பங்களாதேஷ் 1-0 என்று ஜெயித்தது; இந்தியாவை அவர்கள் வென்றது 2003க்குப் பிறகு அதுவே முதல்முறை. ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அதுவரை இந்தியாவுக்கு ஐந்து ஆட்டம், இரண்டு டிரா, ஒரு வெற்றிகூட இல்லை, இரண்டே கோல். இந்தியா தரவரிசையில் 142ஆம் இடத்துக்கு இறங்கியது. வில்லியம்ஸ் அன்று களமிறங்கவில்லை. அவருக்கான காகிதம் இன்னும் வந்திருக்கவில்லை.